மூச்சு முந்திக்கும், எலும்பு மெதுவாத்தான் வரும்: புதுசா ஓட ஆரம்பிக்கிறவங்களுக்கு

புதுசா ஓட வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க. ஒரு நாள் காலைல ஷூவ மாட்டிக்கிட்டு வெளிய வர்றது, பள்ளிக்கூடத்துல 100 மீட்டர் ஓடுன ஞாபகத்துல அதே வேகத்துல கெளம்புறது, ரெண்டாவது நிமிஷமே நாக்கு தள்ளி, விலாவுல புடிச்சுக்கிட்டு, முட்டிமேல கைய ஊனி குனிஞ்சு நிக்கிறது, அப்புறம் "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது"ன்னு வீட்டுக்குத் திரும்புறது. அந்த வேகம்தான் சரிப்பட்டு வரலங்க, ஓட்டத்து மேல பழி போடாதீங்க. பாதி வேகத்துல கெளம்பியிருந்தா அதே ஆளு பத்து நிமிஷம் கழிச்சும் ஓடிக்கிட்டு இருந்திருப்பாரு.

ஒடம்பு எப்படிப் பழகுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வெளங்கிடும். ஓட ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துலயே ரத்தத்தோட அளவு கொஞ்சம் கூடுது, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுற ரத்தம் கூடுது, அடுத்த சில வாரத்துல தசைக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகுது, மெல்லிசான ரத்தக்குழாய்ங்க புதுசா மொளைக்குது, அதனால ஒன்றரை மாசத்துல மூச்சு வாங்குறது நல்லாவே கொறைஞ்சிடும். எலும்பும், தசைய எலும்போட சேத்துக் கட்டுற தசைநாணும் இவ்ளோ சீக்கிரம் வராது. எலும்பு புது சுமைக்குப் பழகணும்னா அடிபட்ட பகுதிய மொதல்ல கரைச்சு எடுத்துட்டு அப்புறம்தான் அங்க புது எலும்பக் கட்டும், கரைக்கிற வேலை சில வாரத்துல முடிஞ்சிடும், கட்டி முடிக்க 3, 4 மாசம் ஆகும். நடுவுல இருக்கிற அந்த நாள்ல எலும்பு முன்ன இருந்தத விட பலம் கொறைவா இருக்கும். சரியா அந்த நேரத்துலதான் நமக்கு மூச்சு நல்லா வந்து, "இன்னும் கொஞ்சம் ஓடலாமே"ன்னு ஆசை வரும். புதுசா ஓடுறவங்களுக்கு அடி படறது பெரும்பாலும் இந்த எடத்துலதான், அதனால கீழ நான் சொல்ற எல்லாமே அந்த ஆசையப் புடிச்சு நிறுத்தி எலும்புக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிற வேலைன்னு வச்சுக்கோங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி

நெஞ்சு வலி வந்திருக்கு, படியேறும்போது மயக்கம் மாதிரி வந்திருக்கு, இதயத் துடிப்பு தாறுமாறா அடிக்குது, சக்கரை, பிபின்னு மாத்திரை எடுக்கிறீங்க, குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு மாரடைப்புல யாராவது போயிருக்காங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரப் பாத்துட்டுதான் ஆரம்பிக்கணும். பல வருஷமா ஒக்காந்த எடத்துலயே வேலை பாத்தவங்களும் 40 தாண்டியிருந்தா ஒரு தடவ பாத்துக்கறது நல்லது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அப்புறம், 30 நிமிஷம் வேகமா நடக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா மொதல் ரெண்டு, மூணு வாரம் நடைதான், ஓட்டம் வேணாம். எடை அதிகமா இருக்கிறவங்க இத இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக்கலாம், ஏன்னா ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் தரைலேர்ந்து காலுக்கு வர்ற அடி ஒடம்பு எடையப் போல 2லேர்ந்து 3 மடங்கு. 60 கிலோ ஆளா இருந்தா ஒவ்வொரு தடவையும் 120லேர்ந்து 180 கிலோவ ஒரே கால்ல தாங்குறீங்க. நிமிஷத்துக்கு 160 அடின்னு வச்சா அரைமணி நேரத்துல 4800 அடி, ஒரு காலுக்கு 2400. நடக்கும்போது ஒரு கால் எப்பவும் தரைல இருக்கும், ஓட்டத்துல ரெண்டு காலும் ஒரு கணம் காத்துல இருந்துட்டு மொத்த ஒடம்பும் ஒத்தக் கால்ல வந்து எறங்குது, அதனாலதான் நல்லா நடக்கிறவங்களுக்கும் ஓட்டம் புதுசா தெரியுது.

ஷூ

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல வெறுங்கால்லயே மாரத்தான் ஜெயிச்சாரு, அதப் பாத்துட்டு ஷூவே தேவையில்லன்னு சிலபேர் சொல்றது உண்டு. அவரே 1964 டோக்கியோல ஷூ போட்டு ஓடி மறுபடி ஜெயிச்சாரு, அதயும் சேத்து ஞாபகம் வச்சுக்கோங்க. வெறுங்கால்ல ஓடியே பழகுன கால் வேற, நம்ம கால் வேற.

ஓடுறதுக்குன்னு இருக்கிற ஷூ ஒண்ணு போதும். விலை அதிகமா இருந்தா அடி படாதுன்னு நெனைக்காதீங்க, கால்ல போட்டு நாலு எட்டு ஓடிப் பாத்தா சுகமா இருக்கா, அதான் மொதல் கணக்கு. சாயங்காலமா போய் வாங்குங்க, பகல் முழுக்க நடந்ததுல கால் கொஞ்சம் உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். எழுந்து நின்ன மாதிரி பெருவிரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவுல ஒரு கட்டைவிரல் அகலம் எடம் இருக்கணும். இந்த எடம் இல்லாம வாங்கிட்டுதான் பலபேருக்கு கால் நகம் கருத்துப்போகுது. குதிகால் ஷூக்குள்ள வழுக்குதுன்னா சைஸ மாத்துறதுக்கு முன்னாடி லேஸ மாத்திக் கட்டிப் பாருங்க: கணுக்கால் பக்கத்துல கடைசியா ஒரு ஓட்டை சும்மாவே இருக்கும் பாருங்க, லேஸ அந்த ஓட்டைல வெளிப்பக்கத்துலேர்ந்து உள்ள விட்டு ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு வளையம் விடுங்க, எடதுபக்க லேஸ வலதுபக்க வளையத்துலயும், வலதுபக்க லேஸ எடதுபக்க வளையத்துலயும் நொழைச்சு இழுத்து முடிச்சு போடுங்க. குதிகால் அசையாது, விரல் பக்கம் இறுகவும் இறுகாது.

ஒரு ஜோடி 500லேர்ந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் வரும். பருத்தி சாக்ஸ் வேர்வைய உறிஞ்சி நனைஞ்சு கொப்புளம் போட வைக்கும், அத மட்டும் தவிர்த்துடுங்க.

மொதல் ஒன்பது வாரம்

1996ல ஜாஷ் கிளார்க்ங்கிறவரு ஓடிப் பழக்கமே இல்லாதவங்களுக்காக 9 வாரத் திட்டம் ஒண்ணு போட்டாரு, சோபாலேர்ந்து 5 கிலோமீட்டர் வரைக்கும்ங்கிற அர்த்தத்துல 'கவுச் டு 5கே'ன்னு சொல்வாங்க. வாரத்துக்கு 3 நாள்தான். மொதல் வாரம் 5 நிமிஷம் வேகமா நடந்து ஒடம்ப சூடு பண்ணிட்டு, 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடைன்னு மாத்தி மாத்தி 20 நிமிஷம். அப்புறம் வாரா வாரம் ஓட்டம் கொஞ்சம் நீளும், நடை கொஞ்சம் கொறையும், ஒன்பதாவது வாரம் 30 நிமிஷம் நிக்காம ஓட்டம். இதுக்கும் முன்னாடி 1970கள்லயே அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஃப் கேலோவே ஓட்டமும் நடையுமா ஓடுற முறைய சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாரு, அந்த முறைல முழு மாரத்தானே முடிக்கிறவங்க இன்னிக்கும் நெறைய பேர் இருக்காங்க, அதனால நடுவுல நடக்கிறத தோல்வின்னு யாரும் நெனைக்க வேணாம்.

என்னோட அபிப்ராயம் என்னன்னா, அந்த 9 வாரத்த 12 வாரமா ஆக்கிக்கோங்க. ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதே வாரத்த திரும்ப செய்யுங்க, அட்டவணைக்கு ஒங்க காலத் தெரியாது. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல ஒரு நாளாவது இடைவெளி விடுங்க, அந்த ஓடாத நாள்லதான் ஒடம்பு கட்டற வேலைய செய்யுது. தூக்கம் கொறைஞ்ச மறுநாள் ஓட்டத்த தள்ளி வைங்க, ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது. காய்ச்சல் இருந்தா ஓடவே கூடாது, இருமல் நெஞ்சுக்குள்ளேர்ந்து வந்தாலும், ஒடம்பெல்லாம் வலிச்சாலும் அதேதான். வெறும் மூக்கொழுகல்னா மெதுவா ஓடிப் பாக்கலாம்.

எவ்ளோ மெதுவா?

பேசிப் பாருங்க. ஓடிக்கிட்டே பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு முழு வாக்கியத்த மூச்சு அறுபடாம சொல்ல முடியணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு இழுத்தா வேகம் அதிகம். தனியா ஓடுறீங்கன்னா ஒங்களுக்கே ஏதாவது சொல்லிப் பாருங்க, போன் நம்பரக்கூட சொல்லிப் பாக்கலாம், பத்து எண்ணும் ஒரே மூச்சுல வந்துடுச்சுன்னா சரியான வேகம்தான். ஆரம்பத்துல இந்த வேகம் நடக்கிறவங்க நம்மள தாண்டிப் போற அளவுக்கு இருக்கலாம், இருக்கட்டும்ங்க.

கைல வாட்ச் கட்டி இதயத் துடிப்பப் பாக்கிறவங்க 220லேர்ந்து வயசக் கழிச்சு வர்ற எண்ண உச்ச துடிப்புன்னு எடுத்துக்கிறாங்க. அது குத்துமதிப்பு, ஒரே வயசுக்காரங்களுக்குள்ளயே 10, 12 துடிப்பு இப்படி அப்படி சர்வசாதாரணமா மாறும், அத நம்பி பயப்படவும் வேணாம் முறுக்கிக்கவும் வேணாம், பேச்சு வருதான்னு பாக்கிறது அதவிட நம்பகமானது.

மெதுவா ஓடுறது கத்துக்குட்டிங்களுக்கு மட்டும்னு நெனைச்சிடாதீங்க. 2023ல சிகாகோ மாரத்தான கென்யா ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிஷம் 35 செகண்ட்ல ஓடினாரு, கிலோமீட்டருக்கு 3 நிமிஷம்கூட இல்ல, ஆனா அந்த மட்டத்துல இருக்கிற ஓட்டக்காரங்களே வாரம் ஓடுற தூரத்துல பெரும்பகுதிய, சுமார் 80 சதவீதத்த, அவங்களுக்கு ஈஸியா இருக்கிற வேகத்துலதான் ஓடுறாங்க. இதயத்துக்கும் தசைக்கும் தேவையான பழக்கம் ஈஸியான வேகத்துலயே கெடைச்சிடுது, எலும்புக்கு விழற அடி மட்டும் கொறைஞ்சிடுது, நமக்கு வேண்டியதும் அதானே.

ஓடுற முறையப் பத்தி ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க. காலத் தூர எட்டிப் போடாதீங்க, பாதம் ஒடம்புக்குக் கீழயே விழட்டும், சின்னச் சின்ன அடி, தோள் தளர்வா, கைய இறுக்கி மூடாம. விலாவுல புடிச்சுக்கிட்டா வேகத்தக் கொறைச்சு, வாயக் குவிச்சு நீளமா மூச்ச வெளிய விடுங்க, புடிச்ச எடத்த விரலால அழுத்திக்கலாம். வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஓடினா இது அடிக்கடி வரும், பெரிய சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் 2, 3 மணி நேரம் இருக்கட்டும்.

வலி வந்தா

எனக்கு ஏழாவது வாரத்துல நடந்தது இது. 5 கிலோமீட்டர் நிக்காம ஓடிட்டேன், அந்த சந்தோஷத்துல அடுத்த வாரமே 8, அதுக்கடுத்த வாரம் 10ன்னு ஏத்தினேன், மூச்சுல ஒரு பிரச்சனையும் இல்ல. எடது கால்ல முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா, எலும்பு மேலயே லேசா ஒரு வலி. ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல போயிடும், ஓடி முடிச்சா திரும்ப வரும், அதனால கண்டுக்கல. ஒரு நாள் ராத்திரி படுத்திருக்கும்போதே விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. எழுந்து உக்காந்து கட்டைவிரலால அந்த எலும்போட உள்ஓரத்த மேலேர்ந்து கீழ அழுத்திக்கிட்டே வந்தேன், மேல ஒண்ணும் இல்ல, நடுவுல ஒண்ணும் இல்ல, கணுக்காலுக்கு ஒரு சாண் மேல ஒரு நாணயம் அளவு எடத்துல விரல் பட்டதும் கால் தன்னால உதறி இழுத்துக்கிச்சு. ஸ்கேன் எடுத்தப்ப எலும்புல விரிசல் விழறதுக்கு முந்தின நிலைன்னு சொன்னாங்க. ஆறு வாரம் ஓட்டமே கெடையாது, அதுக்கப்புறமும் மறுபடி ஒரு நிமிஷ ஓட்டத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சேன்.

அதனால இந்த சோதனைய ஒங்ககிட்ட கொடுத்துடறேன். முன்கால் எலும்பு ஓரத்துல ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், தூரத்தக் கொறைச்சு ஓய்வு கொடுத்தா சரியாகும். விரல் நுனியால தொட்டுக் காட்டுற மாதிரி ஒரே புள்ளில வலிச்சா, ஒத்தக் கால்ல குதிச்சா வலிச்சா, ராத்திரி சும்மா இருக்கும்போதும் வலிச்சா, அன்னிக்கே ஓட்டத்த நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க, ஓடிப் பாத்து தெரிஞ்சுக்கலாம்னு மட்டும் போகாதீங்க.

மத்தபடி ஓடுன மறுநாளும் அதுக்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கடுக்கிறது சாதாரணம், மூணு நாள்ல போயிடும். ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, ஓட ஓட அதிகமாகுறது, நொண்ட வைக்கிறது, இது மூணும் அந்த வகை இல்ல. காலைல எழுந்து மொதல் அடி வைக்கும்போது குதிகால் அடில சுருக்குன்னு குத்தினா பாதத்தோட அடி ஜவ்வு, குதிகாலுக்குப் பின்னாடி மேல காலைல விறைப்பா இருந்தா அகிலிஸ் தசைநாண், மாடிப்படி எறங்கும்போது முட்டிச் சில்லச் சுத்தி வலிச்சா ரன்னர்ஸ் நீ. எல்லாத்துக்கும் பொதுவா மொதல் மருந்து தூரத்தக் கொறைக்கிறதுதான். வலி மாத்திரையப் போட்டுக்கிட்டு ஓடாதீங்க, வலிய மறைக்கும், நீண்ட ஓட்டத்துல சில மாத்திரைங்க சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு படிக்கட்டு ஓரத்துல முன்பாதம் மட்டும் படுற மாதிரி நின்னு, சுவத்தப் புடிச்சுக்கிட்டு குதிகால மெதுவா மேல தூக்கி, மூணு எண்ணிக்கிட்டே கீழ எறக்குங்க. மொதல்ல ரெண்டு கால்லயும் 15 தடவ, பழகினதும் ஒத்தக் கால்ல. கூடவே தோப்புக்கரணம் மாதிரி உக்காந்து எழறது. பத்து நிமிஷ வேலைதான், ஆனா ஓட்டத்துல அதிக பாரம் தாங்குறதே கெண்டைக்கால் சதைதான், அத நெறைய பேர் மறந்துடறாங்க.

வெயில், தண்ணி, சாப்பாடு

ஓடும்போது தசை செலவழிக்கிற சக்தில பெரும்பகுதி சூடாத்தான் வெளிய வருது, அத வேர்வைதான் எடுத்துட்டுப் போகணும். ஆளப் பொறுத்து, வெயிலப் பொறுத்து மணிக்கு அரை லிட்டர்லேர்ந்து 2 லிட்டர் வரைக்கும் வேர்வை போகும். காத்துல ஈரப்பதம் அதிகமா இருந்தா வேர்வை வழியுமே தவிர காயாது, காயலன்னா ஒடம்பு குளிராது, அந்த மாதிரி நாள்ல வழக்கமான வேகம் வராது, வரவைக்கவும் முயற்சி பண்ணாதீங்க. புதுசா வெயில்ல ஓட ஆரம்பிச்சா ஒடம்பு பழக 10லேர்ந்து 14 நாள் ஆகும்.

தலை சுத்துது, வாந்தி வருது, வேர்க்கிற நேரத்துல சிலிர்க்குதுன்னா நிறுத்திட்டு நிழலுக்குப் போயிடுங்க. கூட ஓடுறவங்க தள்ளாடுறாங்க, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பேசுறாங்கன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் காத்திருக்காம அவங்க ஒடம்பு பூரா குளிர்ந்த தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க.

தண்ணி தாகம் எடுத்தா குடிங்க. அரைமணி நேர ஓட்டத்துக்கு கூடவே எடுத்துட்டுப் போகணும்னு அவசியமில்ல. வேர்வைல போறத விட அதிகமா மணிக்கணக்குல வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போய் அதனாலயும் ஆபத்து வரும், நீண்ட ஓட்டத்துல மெதுவா ஓடுறவங்களுக்குத்தான் இது அதிகம் நடக்குது.

சாப்பாட்டுல பெருசா மாத்த வேண்டியதில்ல, கொறைக்காதீங்க, அவ்ளோதான். எடை கொறையணும்னு சாப்பாட்டயும் வெட்டி ஓட்டத்தயும் ஏத்துறவங்களுக்கு எலும்பு தேயும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்னும்போகலாம். அப்படி ஆனா அத ஓட்டத்தோட சாதாரண விளைவுன்னு விட்டுடாதீங்க, ஒடம்புக்கு சக்தி பத்தலன்னு அர்த்தம், டாக்டரப் பாருங்க. எப்பவும் களைப்பாவே இருந்தா இரும்புச்சத்தயும் ஒருதடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கோங்க.

தொடை இடுக்கு, அக்குள், ஆம்பளைங்களுக்கு மார்க்காம்பு, இந்த எடமெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடினா உரசி எரியும், ஓடறதுக்கு முன்னாடியே வாசலின் தடவிக்கோங்க. இருட்டுல ஓடுனா ஒளி பட்டா மின்னுற உடுப்பு, எதிர்ல வண்டி வர்ற பக்கமா ஓடுறது, காதுல பாட்டு இல்லாம இருக்கிறது.

5 கிலோமீட்டருக்கு அப்புறம்

இங்கதான் அவசரம் வரும். 5 ஓடினவங்களுக்கு அடுத்து 10, அடுத்து அரை மாரத்தான் 21.1ன்னு கண்ணு போகும், போகட்டும், ஆனா மொதல்ல வாரத்துல ஓடுற நாள அதிகமாக்குங்க, அதுக்கப்புறம் தூரம், கடைசியா வேகம். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்கன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது பரவால்ல, ஆனா அதவிட எனக்கு ஒதவினது மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு நாலாவது வாரம் மூணுல ஒரு பங்க கொறைச்சுக்கறது, அப்புறம் ஒரே நாள்ல முன்ன ஓடாத தூரத்துக்குத் திடீர்னு தாவாம இருக்கிறது. 5லேர்ந்து 10க்குப் போக 2, 3 மாசம், அங்கேர்ந்து அரை மாரத்தானுக்கு இன்னும் 3, 4 மாசம் வச்சுக்கோங்க.

முழு மாரத்தான மொதல் வருஷத்துல வேணாம்னுதான் நான் சொல்வேன். 42.195 கிலோமீட்டர்ங்கிற தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஓடுனது, 1921ல அதயே நிரந்தரமாக்கிட்டாங்க, அந்தத் தூரத்துக்கும் நம்ம ஒடம்புல இருக்கிற இருப்புக்கும் ஒத்துப்போகாது. தசைலயும் கல்லீரல்லயும் சேத்து வச்சிருக்கிற கிளைகோஜன்ங்கிற மாவுச்சத்து சுமார் 2000 கலோரிக்குத்தான் வரும், ஓட்டத்துக்கு கிலோ எடைக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும், 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 2900க்கு மேல. கொழுப்பும் கூடவே எரிஞ்சாலும் 30 கிலோமீட்டர் பக்கத்துல கால் திடீர்னு ஈயம் கட்டுன மாதிரி ஆகிடறது இதனாலதான், அதத் தாண்டறதுக்கு ஓடும்போதே சாப்பிட வயித்தப் பழக்கணும், அதுக்கெல்லாம் மாசக்கணக்குல நீண்ட தூர ஓட்டப் பயிற்சி வேணும்.

மொதல் போட்டி 5 கிலோமீட்டரா இல்லன்னா 10 கிலோமீட்டரா இருக்கட்டும். புது ஷூ, புது உடுப்பு எதுவும் அன்னிக்கு வேணாம். வரிசைல பின்னாடி போய் நில்லுங்க. துப்பாக்கி சத்தம் கேட்டதும் சுத்தி இருக்கிற எல்லாரும் பாய்வாங்க, காலும் கூடவே பாயும், அப்ப ஒங்க போன் நம்பர ஒருதடவ சொல்லிப் பாருங்க. நடுவுல மூச்சு அறுபட்டா மெதுவாக்குங்க. பாதி தூரம் தாண்டுனதுக்கு அப்புறம் காலு கேட்டா வேகத்தக் கொடுங்க. முடிச்சதும் பொசுக்குன்னு உக்காராம ஒரு பத்து நிமிஷம் நடங்க, ரத்தம் கால்லயே தேங்கி தலை சுத்தாம இருக்கும். வீட்டுக்கு வந்து குளிச்சதும் கட்டில்ல உக்காந்து ரெண்டு முன்கால் எலும்பயும் கட்டைவிரலால மேலேர்ந்து கீழ அழுத்திப் பாத்துக்கோங்க, எங்கயும் ஒண்ணும் சொல்லலன்னா மூணு நாள் கழிச்சு 20 நிமிஷம் மெதுவா ஓடலாம்.